வாத்தியார் தொடாத நோட்டும் நம் பிள்ளைகளின் அறிவியல் நோட்டும்

அண்ணல் அம்பேத்கர் சதாராவில் படித்தபோது வகுப்பில் தனியாகச் சாக்குத் துணி விரித்து உட்கார்ந்ததும், பியூன் ஊற்றினால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை என்றிருந்ததும் நம் பிள்ளைகளுக்கு மேடைப் பேச்சிலேயே மனப்பாடம். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் இன்னொரு செய்தியையும் பதிவு செய்திருக்கிறார். சில ஆசிரியர்கள் அந்தப் பையனின் நோட்டைத் தொட மாட்டார்கள். தொட்டால் தீட்டு. அந்தப் பயத்திலேயே அவனிடம் கேள்வியும் கேட்க மாட்டார்கள். அந்தப் பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க அங்கே ஆளில்லை.

இன்று நோட்டு கொடுப்பதே அரசுதான். விலையில்லா நோட்டு, விலையில்லா புத்தகம். ஆசிரியரும் தொட்டுத் திருத்தி, சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். சரி. அந்த அறிவியல் நோட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். கேள்வி பதில் கைடிலிருந்து வந்தது. படம் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. ரெக்கார்டு நோட்டு என்றால், போன வருடம் படித்த அண்ணனின் நோட்டிலிருந்து வந்தது. வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது நோட்டிலும் ஒரே அளவு, ஒரே விடை, தசமப்புள்ளி உட்பட. படம் வரைய வராதவர்கள் காசு கொடுத்து வரைந்து வாங்குவதும் உண்டு. காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் ஒரு கவலை.

பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். அந்த இருபத்தைந்துக்காக ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, கோடு அடித்து முடிப்பதில் ஒரு மாதம் போய்விடுகிறது. ரெக்கார்டு நோட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கு அது வேண்டும். அதற்கு முன்னால், ஆறாம் வகுப்பிலிருந்தே, பிள்ளை தன் கண்ணால் பார்த்ததைத் தன் கையால் எழுதும் நோட்டு ஒன்று வேண்டும் என்கிறேன். காலனிப் பிள்ளைகளுக்கு அது ஏன் கூடுதலாக வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நோட்டு ஒன்றினால் ஒரு மனிதனுக்குக் கதவு திறந்த கதை அறிவியல் வரலாற்றில் இருக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1791-ல் லண்டன் பக்கத்தில் ஒரு கொல்லருக்குப் பிறந்தவர். பதினான்கு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த டிக்கெட்டில், 1812-ல் ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டதை எழுதி, படம் வரைந்து, ஏறக்குறைய 300 பக்கம் தானே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார். 1813-ல் டேவி அவரை ராயல் நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அங்கேயும் அவமானம் விட்டதா? டேவியோடு ஐரோப்பியப் பயணம் போனபோது, டேவியின் மனைவி அவரை வேலைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட வைத்தார். இதைப் படிக்கும்போது நம்மவர்களுக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

அதே ஃபாரடேதான் 1831-ல், காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்க முடியும் என்று கண்டுபிடித்தார். இன்றைய ஜெனரேட்டருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் அதுவே அடிப்படை. பெரிய கணக்குப் படிப்பெல்லாம் அவருக்கு இல்லை. அவரிடம் இருந்தது நோட்டு. சோதனைகளைப் பத்தி பத்தியாக எண் போட்டு எழுதினார். அந்த எண் பதினாறாயிரத்தைத் தாண்டியது. எதுவும் நடக்காத சோதனைகளையும் எழுதினார். ஈர்ப்பு விசையிலிருந்து மின்சாரம் கிடைக்குமா என்று 1849-ல் முயன்றார், கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றும் நோட்டில் எழுதி வைத்தார். நம் பள்ளி ரெக்கார்டு நோட்டு ஏதாவது ஒன்றில் ‘இந்தச் சோதனை எனக்கு வரவில்லை’ என்ற வரியைப் பார்த்திருக்கிறீர்களா?

நோட்டை எப்படித் தயார் செய்வது

விலை ஒன்றும் அதிகமில்லை. அரசு கொடுத்த நோட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். கோடு போட்டதா போடாததா என்பது முக்கியமில்லை. ஸ்பைரல் நோட்டு மட்டும் வேண்டாம், தாளைக் கிழிக்கத் தோன்றும். இந்த நோட்டில் தாள் கிழிக்கக் கூடாது.

முதல் வேலை, எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுவது. ஒரு பாடவேளை முழுவதும் அதற்கே போனாலும் பரவாயில்லை. எண் போட்டுவிட்டால் நடுவில் ஒரு தாள் காணாமல் போனால் தெரிந்துவிடும். முதல் நான்கு பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு விட வேண்டும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் தேதி, தலைப்பு, பக்க எண்ணை அங்கே ஏற்றிவிட வேண்டும். வருடக் கடைசியில் ‘பயறு முளைத்ததை எங்கே எழுதினேன்’ என்று தேடும்போது இதன் அருமை தெரியும். கடைசி நான்கு பக்கத்தைப் புதுச் சொற்களுக்கு விடலாம். பாடப்புத்தகச் சொல் ஒருபக்கம், வீட்டில் சொல்லும் சொல் எதிர்ப்பக்கம்.

எழுதுவது பேனாவால். படம் மட்டும் பென்சிலால். தப்பாகிவிட்டால் ஒயிட்னர் பூசக் கூடாது, கிறுக்கி அழிக்கவும் கூடாது. குறுக்கே ஒரே கோடு. அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் தயங்குவார்கள். ‘சுத்தமான நோட்டு’ என்ற பெயருக்காக நாம் அவர்களை அவ்வளவு மிரட்டி வைத்திருக்கிறோம். நேற்று 12 என்று எழுதி இன்று 21 என்று மாற்றினால், இரண்டும் தெரிய வேண்டும். ஏன் மாற்றினாய் என்று பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும்.

ஒவ்வொரு முறையும் மேலே தேதி, நேரம், இடம். பிறகு கேள்வி. கேள்வி பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். ‘ஒளிச்சேர்க்கை என்றால் என்ன’ என்பது தேர்வுத்தாள் கேள்வி. ‘தொட்டிக்கு அடியில் முளைத்த புல் ஏன் வெளுத்துப் போயிருக்கிறது’ என்பது நோட்டுக் கேள்வி. செய்து பார்ப்பதற்கு முன்னாலேயே, என்ன நடக்கும் என்று தான் நினைப்பதை எழுதிவிட வேண்டும். பின்னால் மாற்றக் கூடாது. நினைத்தது தப்பாகப் போனால் மதிப்பெண் குறையாது என்பதை ஆசிரியர் வாயால் சொன்னால் மட்டும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இரண்டு மாதம் அப்படியே நடந்து காட்ட வேண்டும்.

அடுத்ததுதான் உயிர்நாடி. நோட்டைத் திறந்து வைத்தால் இரண்டு பக்கம் தெரிகிறதல்லவா? வலது பக்கம் பார்த்தது மட்டும்: கண், காது, மூக்கு, கை, ஸ்கேல், கடிகாரம் சொன்னது. இடது பக்கம் நினைத்தது: காரணம், சந்தேகம், அடுத்த கேள்வி. ‘செடி வாடிவிட்டது, தண்ணீர் போதவில்லை’ என்று ஒரே மூச்சில் எழுத விடக் கூடாது. இலை தொங்கியிருந்ததும், மண்ணைத் தொட்டால் ஈரமாக இருந்ததும் வலது பக்கம். தண்ணீர் போதவில்லையோ என்பது இடது பக்கம். மண் ஈரமாக இருந்ததை எழுதிய கையே, அப்படியென்றால் தண்ணீர் காரணமில்லையே என்று இடது பக்கம் அடுத்த வரியை எழுதும்.

சோதனைச்சாலை இல்லாத பள்ளிக்கும் வேலை இருக்கிறது. மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் அப்படியே இருக்கும். செம்பருத்திப் பூ ஊறிய தண்ணீர் எலுமிச்சையில் சிவக்கும், சோப்பில் பச்சையாகும். வீட்டில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் சோதித்து அட்டவணை போடலாம். பள்ளி மைதானத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை இன்ச் டேப்பில் அளந்தால், நிழல் மிகக் குறுகுவது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அல்ல என்பதை வருடத்தின் பெரும்பாலான நாட்களில் கண்டுபிடிக்கலாம். நம் மாநிலத்தில் வருடத்துக்கு இரண்டு நாள், ஏப்ரலை ஒட்டி ஒன்றும் ஆகஸ்டை ஒட்டி ஒன்றும், நடுப்பகலில் நட்ட குச்சிக்கு நிழலே விழாது. அந்த நாள் ஊருக்கு ஊர் மாறும். நம் ஊருக்கு எந்த நாள் என்பதை நோட்டில் கண்டுபிடிக்கட்டும்.

ஒரு மாதிரிப் பக்கம்

காலனிப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வேண்டும் என்றேனே, அதற்கு வருகிறேன். தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். ‘எங்க தெருவுல தண்ணி சரியா வர்றதில்ல’ என்று நம் பெண்கள் காலம் காலமாகச் சொல்லி வருகிறார்கள். ‘எல்லாருக்கும் ஒரே டேங்க், ஒரே தண்ணிதானே’ என்பதுதான் எப்போதும் கிடைக்கும் பதில். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் நோட்டில் இதை எப்படி எழுதலாம் என்று ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன். அளவுகள் உதாரணத்துக்குத்தான்.

பக்கம் 14. ஜூலை 9, காலை 6.20. காலனிக் கடைசிக் குழாய். மேகமூட்டம்.
கேள்வி: ஒரு குடம் நிரம்ப எங்கள் குழாயில் எவ்வளவு நேரம், கோயில் தெருக் குழாயில் எவ்வளவு நேரம்?
நான் நினைப்பது: எங்கள் குழாயில் இரண்டு பங்கு நேரம் ஆகும்.
செய்தது: முதலில் ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றிக் குடத்தை அளந்தோம். 14 லிட்டர் பிடித்தது. குழாயை முழுக்கத் திறந்து, போனில் நேரம் பார்த்தோம். மூன்று முறை.
பார்த்தது: எங்கள் குழாய் 3 நிமிடம் 25 விநாடி, 3 நிமிடம் 35 விநாடி, 3 நிமிடம் 30 விநாடி. கோயில் தெரு 68, 72, 70 விநாடி. நிமிடத்துக்கு எங்களுக்கு 4 லிட்டர், அவர்களுக்கு 12 லிட்டர்.

இது வலது பக்கம். இடது பக்கத்தில் அந்தப் பிள்ளைக்கு முதலில் எழுதத் தோன்றுவது ‘டேங்க் ஆபரேட்டர் வேண்டுமென்றே செய்கிறார்’ என்பதாக இருக்கலாம். எழுதட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் அதோடு விடக் கூடாது. வேறு என்னென்ன காரணம் இருக்க முடியும் என்று கேட்க வேண்டும். நம் தெரு குழாயின் கடைக்கோடியில் இருக்கிறது, நீளமான குழாயில் வரும்போது அழுத்தம் குறையும். நம் தெருவுக்குப் போட்ட குழாய் சின்னதாக இருக்கலாம். அந்த நேரத்தில் மேலே எல்லாக் குழாயும் திறந்திருக்கலாம். வால்வு பாதி மூடியிருக்கலாம். ஒவ்வொன்றையும் சோதிக்க வழி உண்டு. மேலே உள்ள குழாய்கள் மூடியிருக்கும் நேரத்தில் மறுபடி அளந்தால் ஒன்று தெரிந்துவிடும். குழாயைச் சுற்றி நூல் கட்டி அளந்தால் இன்னொன்று தெரிந்துவிடும். பதினைந்து நாள் அளந்த நோட்டு ஒன்று கையில் இருந்தால், ‘ஒரே தண்ணிதானே’ என்ற பதிலை அதற்கு மேல் யாரும் சுலபமாகச் சொல்ல முடியாது. குழாயின் அளவுதான் காரணம் என்று முடிவானால், கேட்க வேண்டியது குழாயை மாற்று என்பது. வால்வுதான் காரணம் என்றால் கேட்பது வேறு. நம் மாநிலத்தில் இப்போது மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. அன்றைக்கு அம்மாவோ அப்பாவோ அந்த அட்டவணையை நகலெடுத்துக் கொண்டுபோகலாம்.

கோயில் தெருக் குழாயில் நம் பிள்ளை குடத்தை வைத்துக்கொண்டு நின்றால் சில ஊர்களில் என்ன நடக்கும் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது. அந்தத் தெருவிலிருந்து வரும் வகுப்புத் தோழன் அங்கே அளக்கட்டும், இவள் இங்கே அளக்கட்டும். இரண்டு நோட்டையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். கணக்கைத் தன் கையால் போட்ட அந்தப் பையனுக்கும் நாலு, பன்னிரண்டு என்ற எண்கள் மறக்காது. ஆசிரியர் நடுவில் நிற்க வேண்டும். இது பிள்ளைகள் தலையில் சுமத்தும் போராட்டமாக ஆகிவிடக் கூடாது.

தண்ணீரின் நிறம், வாடை, குடத்தடியில் படியும் மண் ஆகியவற்றையும் தினம் ஒரு வரி எழுதலாம். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில், குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தொட்டிமீது ஏறிப் பார்த்தார்கள். நோட்டு எழுதினால் கொடுமை நடக்காது என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. எந்த நாளிலிருந்து வாடை வந்தது என்று கேட்டால், தேதி போட்ட ஒரு வரி இருப்பது வேறு, இல்லாதது வேறு.

யார் அளந்தது, யார் கழுவியது

குழுவாகச் செய்யும் சோதனைகளில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பையன் கருவியைப் பிடிப்பான், ஒருவன் அளவு சொல்வான். தண்ணீர் கொண்டுவருவதும், குடுவை கழுவுவதும், மேசை துடைப்பதும் எப்போதும் அதே இரண்டு பேர். பெரும்பாலும் பெண் பிள்ளைகள், அல்லது நம் பிள்ளைகள், அல்லது நம் பெண் பிள்ளைகள். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, தானாக நடக்கிறது. அதனாலேயே அது கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் கீழே ஒரு வரி: அளந்தது யார், எழுதியது யார், கழுவியது யார். அடுத்த முறை வேலை மாற வேண்டும். ஐந்து சோதனை முடிந்ததும் அந்த வரியை மட்டும் எண்ணிப் பார்த்தால் வகுப்புக்கே புரியும். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில், மாணவர்களை அகரவரிசையில் உட்காரவைக்கச் சொல்லியிருந்தது. சோதனைக் குழுக்களையும் அப்படியே பிரிக்கலாம்.

நம் வீட்டு வேலைகளுக்குள் இருக்கும் அறிவியலையும் நோட்டுக்குள் கொண்டுவரலாம். பறையை அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்சுகிறார்கள். தோலில் உள்ள ஈரம் போய் இறுகும்போது ஒலி உயர்கிறது, மழைக்காலத்தில் தொய்கிறது. காய்ச்சுவதற்கு முன்பும் பின்பும் போனில் பதிவு செய்து கேட்டு எழுதினால், ஒலிப் பாடத்துக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் தோலைப் பதப்படுத்துவது வேதியியல். ஆனால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘உங்க தெருவுலதானே அடிப்பாங்க, நீ சொல்லு’ என்று ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தாதீர்கள். பறையைச் சாதித்தொழில் என்று உதறியவர்களும் நம்மில் உண்டு, நம் கலை என்று ஏந்தியவர்களும் உண்டு. எந்த வீட்டுப் பிள்ளை எதைச் சொல்ல விரும்புகிறது என்பது அதன் இஷ்டம். வகுப்புக்குப் பொதுவாக ஒரு பறை வந்தால் எல்லாப் பிள்ளையும் அடித்துப் பார்த்து எழுதட்டும்.

திருத்தும் விதத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். பார்த்ததை எழுதும் பக்கத்தில் எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம். ‘செடி சொங்கிப் போயிருந்துச்சு’ என்று எழுதினால், சொங்கி என்பது தப்பு என்று அடித்துவிடாமல், எத்தனை இலை, எந்தப் பக்கம் என்று ஓரத்தில் கேள்வி எழுதுங்கள். வாரம் பத்து நோட்டு பார்த்தால் போதும், மாதத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடும். மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால் தேதி, அளவு, பார்த்ததையும் நினைத்ததையும் பிரித்தது ஆகிய மூன்றுக்குப் போடுங்கள். கையெழுத்து அழகுக்குப் போடாதீர்கள்.

இப்படி எழுதிப் பழகிய பிள்ளைக்கு வெளியிலும் இடங்கள் உண்டு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டும் வானவில் மன்றம், 2022 நவம்பரில் திருச்சி காட்டூர் பாப்பாக்குறிச்சியில் தொடங்கியபோது, அது நடந்ததே ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில்தான். கருவியோடு வருகிறவர் காட்டிவிட்டுப் போனதும் மறந்துவிடாமல், அன்றைக்கே நோட்டில் ஏற்ற வேண்டும். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆய்வு செய்து கொண்டுபோகலாம். அங்கே நடுவர்கள் பார்க்கக் கேட்பது இந்த நாள்வாரிக் குறிப்பு நோட்டைத்தான். அழகான சார்ட்டோடு வந்து, நோட்டு எங்கே என்றதும் விழிக்கும் பிள்ளைகளும் அங்கே உண்டு. அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் பள்ளிக்கு வந்தால், சோதனைக்கான யோசனைக்குப் பஞ்சமிருக்காது.

விடுதியில் தங்கும் பிள்ளைகளுக்குப் பெட்டியில் பூட்டி வைக்க இடம் இருக்கும். வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் நோட்டு மழையில் நனையும், தம்பி கிழிப்பான், ஏப்ரலில் பழைய பேப்பர் கடைக்குப் போகும். ஆகவே வருடக் கடைசியில் இந்த ஒரு நோட்டை மட்டும் வாங்கி, பள்ளி நூலகத்தில் ஒரு தட்டில் அடுக்கி வைக்கத் தலைமையாசிரியர்கள் ஏற்பாடு செய்யலாம். அடுத்த ஆண்டு அதே வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதை எடுத்துப் பார்க்கட்டும். போன ஜூலையில் காலனிக் குழாய் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஊற்றியது என்று அதில் இருக்கும். இந்த ஜூலையில் எத்தனை என்று அவர்கள் அளப்பார்கள்.